ஜெராக்ஸ் கடையிலிருந்து ஆய்வேடு வரை: வட சென்னையில் தகவல் தொழில்நுட்ப ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடை. காலை பதினோரு மணி. மஞ்சப்பையோடு ஓர் அம்மா நிற்கிறார். பேத்தியின் பள்ளிக்கு வருமானச் சான்றிதழ் வேண்டுமாம். கடைப் பையன் விவரங்களைத் தட்டிவிட்டு, "ஓடிபி போயிருக்கும்மா, சொல்லுங்க" என்கிறான். அவருடைய போனில் ஒன்றும் வரவில்லை. பதிவான நம்பர் மகனுடையது. மகன் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டிருக்கிறான். இரண்டு முறை போன் போட்டும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து ஆறு எண்களைக் கத்திச் சொல்கிறான். லாரி சத்தத்தில் நான்காவது எண் கேட்கவில்லை. திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. "மறுபடி அனுப்புறேன், அவரைக் கட் பண்ணாம இருக்கச் சொல்லுங்க" என்கிறான் பையன்.

பத்து நிமிடம்தான். ஆனால் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கிறது. போன் இருந்தது, நெட் இருந்தது, அரசின் இணையதளமும் வேலை செய்தது. இருந்தாலும் அந்த அம்மாவுக்கும் சான்றிதழுக்கும் நடுவில் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இந்த 'நடுவில்' என்ற இடத்தைத்தான் வளரும் நாடுகளில் தகவல் தொழில்நுட்பம் என்ற ஆய்வுத் துறை நாற்பது ஆண்டுகளாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. உலகம் முழுக்க இதை ஐசிடிடி என்று சுருக்கிச் சொல்வார்கள்.

நான் இந்த ஏரியாவில் வளர்ந்து, இதே துறையில் ஆய்வு செய்தேன். இப்போது சில மாணவர்களுக்கு வழி காட்டுகிறேன். பெரும்பாலும் அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

படி 1: உங்களுக்கு முன்னால் வந்தவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தத் துறையின் முக்கியமான சோதனைகளில் சில நம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்தவை. அதை அறியாமல் ஆப்பிரிக்க உதாரணங்களோடு ஆய்வேட்டைத் தொடங்கும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மீனவர் கையில் கணினியும் இல்லை, போனும் இல்லை. ஆனாலும் கடலுக்குப் போகலாமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஓடித் தப்பினார்கள். ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, விஷயம் தெரிந்ததும் அந்த மையத்துக்கு ஓடிய சிலர்: மூன்றும் சேர்ந்ததுதான் அங்கே 'தொழில்நுட்பம்'.

அடுத்தது மேலூர். மதுரை மாவட்டத்தில் 2001 வாக்கில் சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொடர்பை வைத்து கிராமத்துக் கிராமம் இணைய மையங்கள் திறந்தார்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் கூட இருந்தன. சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன. ஏன் மூடினார்கள் என்று மைக்கேல் பெஸ்ட்டும் ராஜேந்திர குமாரும் எழுதிய ஆய்வு 2008இல் வந்தது. வருமானம் போதவில்லை என்பது ஒரு காரணம். ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசு சேவைகள் நின்றது இன்னொன்று. தோல்வியை இவ்வளவு நேர்மையாக எழுதிய ஆய்வுகள் குறைவு. முதல் வாரமே படித்துவிடுங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஆய்வு செய்ய நினைப்பவர்கள் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சனைத் தாண்டிப் போக முடியாது. வட கேரளக் கடற்கரைக்கு 1997 முதல் 2001 வரை செல்போன் படிப்படியாக வந்ததைப் பின்தொடர்ந்து 2007இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் ஒரு கரையில் மத்தி மீன் வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்கள், பக்கத்துக் கரையில் மீன் கிடைக்காது. அன்றாடம் பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீணானது. போன் வந்ததும் கடலிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. உலக வங்கி முதல் போன் கம்பெனிகள் வரை எல்லோரும் இந்தக் கதையை எடுத்துச் சொன்னார்கள்.

அப்புறம்தான் கேள்விகள் கிளம்பின. கேரள மீனவர்களோடு இருந்து பார்த்த டி.டி. ஸ்ரீகுமார், 2011இல் அந்தச் சித்திரத்தில் மீனவ சமூகமே காணவில்லை என்று எழுதினார். ஜென்னா பரெல், எலிசா ஒரேலியா இருவரும் 2015இல், விலைத் தகவல் கையில் கிடைத்தால் ஏழை உற்பத்தியாளர் முன்னேறிவிடுவார் என்பதே ஒரு கட்டுக்கதை என்று வாதிட்டார்கள். காசிமேட்டில் ஒரு வாரம் நின்றால் இந்த வாதம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பழவேற்காட்டில் என்ன விலை என்று தெரிந்தாலும், மீனை அந்த வியாபாரியிடம்தான் இறக்க வேண்டும். போன் விலையைச் சொல்லும், கடனை அடைக்காது.

ஜென்சன் செய்ததை அப்படியே காசிமேட்டில் செய்கிறேன் என்று ஆண்டுக்கு ஒருவராவது வருகிறார். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அவருடைய ஆய்வுக்குப் பல கரைகளும், போன் இல்லாத ஒரு காலமும், போன் வந்த ஒரு காலமும் தேவைப்பட்டன. இன்றைக்கு அந்த 'முன்' எங்கும் இல்லை.

படி 2: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"வட சென்னை மக்களின் வாழ்வில் செல்போனின் தாக்கம்." தலைப்பு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். இதற்கு என்ன பதில் வந்தாலும் சரிதான். எந்தப் பதில் வந்தாலும் சரியென்றால் அது ஆய்வுக் கேள்வியே இல்லை.

நான் மூன்று சோதனை வைப்பேன். பதில் இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம் என்று இருக்க வேண்டும். நீங்கள் நடந்து போய்க் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தத் தெருவில் ஒருவராவது "ஆமா, எனக்கும் அது தெரியணும்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவதில்தான் பல தலைப்புகள் விழுந்துவிடும்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். மீன் விற்கும் பெண்கள் முன்னால் இப்போது க்யூஆர் அட்டை இருக்கிறது. யூபிஐ 2016இல் வந்தது; இன்றைக்கு ஐம்பது ரூபாய் நெத்திலிக்கும் ஸ்கேன் செய்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், பெண்கள் டிஜிட்டல் பொருளாதாரத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று எழுதிவிடலாம். அந்த அட்டையைக் குனிந்து பாருங்கள். பல நேரம் அதில் அச்சாகியிருப்பது ஓர் ஆணின் பெயர். கணவர், மகன், சில சமயம் மருமகன். பணம் யார் கணக்கில் விழுகிறது? முன்பு சுருக்குப்பையில் விழுந்த பணம் சாயங்காலம் கந்துக்காரருக்கும், பஸ்ஸுக்கும், வீட்டு அரிசிக்கும் அவர் கையாலேயே போனது. இப்போது அதே பணத்தை அவர் மகனிடம் கேட்டு வாங்க வேண்டுமா? எவ்வளவு திரும்பி வருகிறது? எத்தனை நாள் கழித்து? பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் அந்த ஸ்பீக்கர் பெட்டி யார் பக்கத்தில் இருக்கிறது? சரி, இப்போது கேள்வி இப்படி ஆகிறது: "க்யூஆர் அட்டை வந்த பிறகு, தெருவோரம் மீன் விற்கும் பெண்களின் அன்றாட வரவு அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா?" இது இரண்டு பக்கமும் போகலாம். பேங்க்கில் பணம் இருப்பதால் குடிக்கும் கணவர் கையில் சிக்காமல் தப்புகிறது என்று ஓர் அக்கா சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதையும் எழுத வேண்டும்.

வேறு சில கேள்விகளை மட்டும் கோடிட்டுக் காட்டுகிறேன். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண், வானிலை மையத்தின் அறிவிப்பு, வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு: இந்த மூன்றில் எதை நம்பிப் படகைக் கட்டுகிறார்கள்? மணலியிலோ எண்ணூரிலோ ராத்திரி வாயு நாற்றம் வந்தால், புகார் எந்த வழியாகப் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது? வியாசர்பாடி இரவுப் பாடசாலைகளில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் எப்படிப் பங்கு போடுகிறார்கள்?

படி 3: ஒரு சட்டகத்தைக் கையில் எடுங்கள், ஒன்றை மட்டும்

கோட்பாடு என்றதும் பயந்து ஐந்தாறு பெயர்களை அடுக்கிவிடுகிறார்கள். கண்ணாடி ஒன்று போதும். அதன் வழியாகப் பார்த்தால் முன்பு தெரியாதது தெரிகிறதா என்பதுதான் விஷயம்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் சொல்வது, வடிவமைப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி. வளரும் நாடுகளின் மின்னாட்சி (இ-கவர்னன்ஸ்) திட்டங்களில் சுமார் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 சதவீதம் அரைகுறை, 15 சதவீதம் வெற்றி என்று 2003இல் அவர் ஒரு மதிப்பீடு போட்டார். இடைவெளியை ஏழு இடத்தில் தேடச் சொல்கிறார்: தகவல், தொழில்நுட்பம், வேலை நடக்கும் முறை, நோக்கமும் மதிப்புகளும், ஆட்களும் அவர்கள் திறமையும், நிர்வாக அமைப்பு, பணமும் நேரமும்.

ரேஷன் கடையில் வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020இல் விரல் ரேகை வந்தது. இயந்திரத்தை வடிவமைத்தவர் மனதில் இருக்கும் விரல் உலர்ந்தது, ரேகை தெளிவானது. கடையில் நிற்கும் ஆயா முப்பது வருஷமாக மீன் வெட்டியவர். ஐஸும் உப்பும் செதிலும் தேய்த்து விரல் நுனி வழவழவென்று இருக்கிறது. கட்டை விரலை வைக்கிறார், சிவப்பு. புடவை முந்தானையில் துடைத்து வைக்கிறார், சிவப்பு. கடைக்காரர் எழுந்து வந்து அவர் விரலைப் பிடித்து அழுத்துகிறார். ஆள்காட்டி விரல், நடு விரல். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. ஆயா வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை, தன் விரல்களைப் பார்க்கிறார். ஹீக்ஸின் ஏழில் எத்தனை இங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழில்நுட்பம் மட்டும் இல்லை; வரிசையின் நேரமும், கடைக்காரருக்கு இருக்கும் அதிகாரமும், 'போலியைத் தடுப்பது' என்ற நோக்கமும் எல்லாம் அந்த விரல் நுனியில் வந்து நிற்கின்றன.

ஜெராக்ஸ் கடை மாதிரியான இடத்துக்கு வேறொரு கண்ணாடி பொருந்தும். நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரின் இரண்டு குடிசைப் பகுதிகளில் பார்த்து 2010இல் எழுதியது. இன்னொருவர் வழியாகத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: நமக்காக ஒருவர் தட்டிக் கொடுப்பது, திரையில் வந்ததை ஒருவர் விளக்கிச் சொல்வது, இரண்டையும் ஒருவரே செய்வது. கணினி ஆய்வாளர் கென்டாரோ டோயாமாவின் வாதமும் உதவும்: தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் விருப்பத்தையும் திறனையும் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது.

படிப்பதற்குக் காசு? அரசுக் கல்லூரி மாணவர்கள் கவலைப்பட வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி நூலகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பழைய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இணையதளம். படித்ததைச் சேர்த்து வைக்க ஜொட்டேரோ என்ற மென்பொருள், இலவசம்.

படி 4: களத்துக்குள் நுழைவது

காலண்டரில் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏலத்தைப் பார்க்க அப்போது வந்தால் பாதி காசிமேடு அமைதியாக இருக்கும். நீண்ட நேரம் உட்கார்ந்து பேச அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் கையில் காசு இல்லாத காலம் என்பதால் வருமானம் பற்றிய பதில்கள் வேறு மாதிரி வரும். எந்த மாதம் கேட்டீர்கள் என்று ஆய்வேட்டில் கட்டாயம் எழுதுங்கள். ஜூனில் பள்ளி சேர்க்கை, ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல். எச்சரிக்கை பற்றிய ஆய்வுக்கு அதுதான் பருவம்.

நேரமும் அப்படித்தான். ஏலம் விடிவதற்கு முன். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் எந்தப் பெண்ணும் உங்களிடம் பேச மாட்டார், பேசவும் கூடாது. குடத்தைப் பிடித்துக் கொடுங்கள்.

யார் வழியாக நுழைவது என்பதில் அவசரம் வேண்டாம். மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் கேள்வித்தாளை எடுப்பது மரியாதைக் குறைவு. அதே சமயம் அவர்கள் காட்டும் வீடுகளுக்கு மட்டும் போனால், ஊரில் குரல் இல்லாதவர்கள் உங்கள் ஆய்விலும் இருக்க மாட்டார்கள். சுய உதவிக்குழு அக்காக்கள், இரவுப் பாடசாலை நடத்தும் தம்பிகள், கேரம் கிளப், சர்ச், மசூதி, கோயில் நிர்வாகம் என்று குறைந்தது மூன்று வெவ்வேறு வாசல்கள் வழியாகப் போங்கள். ஆள் தெரிந்த பிறகு, ஆளை ஆள் சொல்லி நகரலாம்.

எண்ணூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் மறுபடி எண்ணெய். இரண்டு முறையும் கணக்கெடுப்பு, கேள்வித்தாள், போட்டோ என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம், "எழுதினு போறவங்க எவனும் திரும்பி வந்து இன்னா எழுதினேன்னு சொன்னதே இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். அன்று நான் எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன். அடுத்த முறை போனபோது, முடிந்ததும் எந்த மாதம் வந்து சொல்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேசினேன்.

படி 5: ஒப்புதல், ரகசியம், உதவி

கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்குவது முதல் வேலை. குழு இல்லை என்றால் வழிகாட்டியும் வெளி ஆசிரியர் ஒருவரும் எழுத்தில் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

ஒப்புதல் படிவத்தை வாய்மொழியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அலுவலகத் தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்துக் கையெழுத்துக் கேட்டால், ஏதோ கடன் பத்திரம் என்று நினைப்பார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: "அக்கா, நான் காலேஜ்ல படிக்கிறேன். இது அரசாங்க வேலை இல்ல. இதனால உங்களுக்குப் பணமோ திட்டமோ வராது. பேசலாம், நடுவுல நிறுத்தலாம், பேசவே வேண்டாம்னும் சொல்லலாம். உங்க பேரு எங்கயும் வராது." 'வராது' என்ற இரண்டையும் முதலிலேயே சொல்வது முக்கியம். உரிமைத் தொகைக்கு விடுபட்ட பெயரைச் சேர்க்க வந்தவர் என்று நினைத்து உங்களுக்குப் பதில் சொன்னால், அது ஒப்புதல் ஆகாது.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தரவை வைத்து ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. விலக்கு இருக்கிறது என்று அஜாக்கிரதையாக இருக்காதீர்கள். ஆதார் அட்டையைப் போட்டோ எடுக்காதீர்கள். யாருடைய ஓடிபியையும் உங்கள் கையால் தட்டாதீர்கள். குரல் பதிவுகளைப் பாஸ்வேர்டு போட்டு வையுங்கள். ஊரின் பெயரையே மாற்றி எழுதலாம். லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தின் உலகளாவிய சமூக ஊடக ஆய்வில் சென்னைக்கு அருகில் உள்ள ஓர் ஊரைப் 'பஞ்சகிராமி' என்ற புனைபெயரில்தான் எழுதினார்கள். ஆனால் ஊரே தங்கள் பெயர் வர வேண்டும் என்று விரும்பினால், கேட்டுச் செய்யுங்கள்.

உங்களிடம் உதவி கேட்பார்கள். "இந்த பாரத்த கொஞ்சம் ரொப்பிக் கொடு கண்ணு." கறாராக விலகி நில் என்று சில பாடநூல்கள் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிரப்பிக் கொடுங்கள், காசு வாங்காதீர்கள். அன்றிரவு குறிப்பேட்டில், இன்று நானும் ஓர் இடையாளாக இருந்தேன் என்று தேதியோடு எழுதுங்கள். அதுவும் தரவுதான்.

படி 6: கேள்வியைத் தெரு மொழியில் எழுதுவது

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

என் முதல் கேள்வித்தாளில், "நீங்கள் இணையம் பயன்படுத்துகிறீர்களா?" என்று இருந்தது. ஓர் ஆயா, "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா" என்றார். 'இல்லை' என்று டிக் அடித்தேன். அவர் மடியில் இருந்த போனில் யூடியூபில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலை அதுவரை நிரப்பிய தாள்கள் அத்தனையையும் தனியே கட்டி வைத்துவிட்டு, கேள்வித்தாளை முதலிலிருந்து எழுதினேன்.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல், இந்தியாவில் எப்போதாவது இணையம் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். பெரிய ஆய்வுகளுக்கு இப்படி ஒற்றைக் கேள்விதான் சாத்தியம். நீங்கள் ஒரு தெருவில் இருக்கிறீர்கள், உங்களால் உடைத்துக் கேட்க முடியும். போன் வீட்டில் எங்கே இருக்கும்? ராத்திரி யார் பக்கத்தில்? ரீசார்ஜ் யார் போடுவது? லாக் யாருக்குத் தெரியும்? கடைசியாக அதில் என்ன பார்த்தீர்கள்? யார் போட்டுக் கொடுத்தார்கள்? 'போன் இருக்கிறதா' என்ற ஒரு கேள்வி மறைத்த அத்தனையும் இந்த ஆறு கேள்விகளில் வெளியே வரும்.

"முற்றிலும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்" என்ற ஐந்து படி அளவுகோல் நம் தெருக்களில் வேலை செய்வதில்லை. எல்லோரும் "ஆமா" என்பார்கள். கடைசியாக நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்: "போன வாட்டி ரேஷன் வாங்கப் போனப்ப என்ன ஆச்சு?" மக்கள் கருத்தைவிடச் சம்பவத்தை உண்மையாகச் சொல்வார்கள்.

உங்களைத் திருப்திப்படுத்தச் சொல்லும் பதில்களும் உண்டு. நிக்கோலா டெல்லும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரில் செய்து 2012இல் வெளியிட்ட சோதனையில், காட்டிய தொழில்நுட்பத்தை உருவாக்கியது கேள்வி கேட்பவர்தான் என்று நினைத்தவர்கள், அதே மாதிரியான இன்னொன்றைவிட அதை இரண்டரை மடங்கு அதிகமாக விரும்பினார்கள். கேட்பவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு வந்த வெளிநாட்டவர் என்றால் அது ஐந்து மடங்கானது. ஆகவே உங்கள் நண்பர் செய்த ஆப்பைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டு வாங்கிய பாராட்டை முடிவாக எழுதாதீர்கள். நீங்கள் இந்த ஏரியாப் பிள்ளையாகவே இருந்தாலும், கையில் கிளிப்போர்டு வந்ததும் வேறு ஆள் ஆகிவிடுகிறீர்கள்.

படி 7: சேகரிப்பது, எழுதிவைப்பது

கேள்வித்தாளுக்கு ஓடிகே அல்லது கோபோ டூல்பாக்ஸ் என்ற ஆப். சாதாரண ஆன்ட்ராய்டு போனில் ஓடும், தமிழ்ப் படிவம் போடலாம், நெட் இல்லாமலும் சேமிக்கும். வீடு தேர்ந்தெடுக்க முதலில் தெருவை நடந்து கையால் வரைபடம் போடுங்கள். ஒரே கதவு எண்ணில் மாடிப்படிக்குக் கீழ், மொட்டை மாடி ஷெட், பின்கட்டு என்று நாலு குடும்பம் இருக்கும். கதவை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். அப்புறம் ஐந்துக்கு ஒன்று என்று எடுங்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பிப் போங்கள். பகலில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் வேலைக்குப் போகும் பெண்கள் விடுபடுவார்கள்.

குரல் பதிவை எழுத்தாக்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். "வராங்காட்டி" என்று சொன்னதை "வராவிட்டால்" என்று மாற்றினால், பேசியவர் ஆய்வேட்டிலிருந்து காணாமல் போய்விடுவார். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதினாலும் வகைப்படுத்தும் வேலையைத் தமிழ்ப் பிரதியில் செய்யுங்கள். களக் குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

பகுப்பாய்வில் நான் வலியுறுத்துவது ஒன்றே. உங்கள் முடிவுக்குப் பொருந்தாத ஆளைத் தேடிப் போங்கள். தன் பெயரில் க்யூஆர் வைத்து, தானே பேங்க் போய், மகனுக்குக் கடன் கொடுக்கும் மீன்கார அக்கா ஒருவர் இருப்பார். அவருக்கு எப்படி அது முடிந்தது என்ற கேள்விக்கு ஒரு தனி அத்தியாயம் கொடுக்கலாம்.

படி 8: வெளியிடுவது

1986இலிருந்து வரும் 'இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி ஃபார் டெவலப்மென்ட்' இந்தத் துறையின் மூத்த இதழ்களில் ஒன்று. மாநாடுகளில், 2006இல் பெர்க்லியில் தொடங்கிய, துறையின் பெயரையே கொண்ட ஐசிடிடி, ஐஎஃப்ஐபி என்ற உலகத் தகவல் தொழில்நுட்பக் கூட்டமைப்பின் 9.4 குழு நடத்துவது, ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் காம்பஸ் மூன்றையும் பாருங்கள். நல்ல இதழ்கள் எவை என்று சொல்லும் கேர் பட்டியலை யூஜிசி 2025இல் கைவிட்டுவிட்டதால், எது நல்ல இதழ் என்று தீர்மானிப்பது இப்போது உங்கள் பொறுப்பு. மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு ஜிபேயில் பணம் கேட்கும் இதழுக்கு அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டினாள். அந்தக் கட்டுரையை இன்றுவரை ஒருவரும் எடுத்துக் கையாளவில்லை.

படி 9: திரும்பிப் போவது

ஆய்வேடு சமர்ப்பித்ததோடு நின்றுவிடாதீர்கள். ஒரு ஏ4 தாளில், பெரிய எழுத்தில், தமிழில் எட்டு வரி எழுதுங்கள். கண்டது என்ன, எத்தனை பேரிடம் கேட்டது, அடுத்து யாரிடம் கொண்டுபோகலாம். பேசியவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் என் தாளை, தொடக்கத்தில் சொன்ன அந்த ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டினேன். அதில் ஒரு வரி: "ஓடிபி மகன் போனுக்குப் போவதால் பெண்களுக்குத் தாமதம் ஏற்படுகிறது." பக்கத்தில் நின்ற ஓர் அம்மா பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "தாமதம் மட்டுமா? எதுக்கு அப்ளை பண்றேன்னு அவனுக்குச் சொல்லணும்ல? எங்க வூட்டுக்காரர் கிட்ட இருந்து பிரிஞ்சதுக்கு எழுதிப் போட நினைச்சேன், அதனாலயே போடல" என்றார். அவரிடம் மறுபடி முதலிலிருந்து அனுமதி கேட்டு, எழுதலாம் என்று அவர் சொன்ன பிறகு, கடைப் பையனிடம் பேனா வாங்கி அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். கட்டுரையாக அனுப்பும்போது அந்த அத்தியாயத்தின் தலைப்பையும் மாற்றினேன்.